விலை கொடுத்து வாங்கிய ஒற்றன்

"ஒளிப்பதற்கு எதுவுமில்லாதவன் அஞ்சுவானேன்?" என வினவுவோர் நம்மிடையே உளர். இணையத்தோடு இணைந்த திரைகள், நாம் காண்பவற்றைப் பிறர்க்கு உரைக்கின்றன என்று எச்சரிக்கும்போதெல்லாம் இவ்வினாவே எதிர்வருகின்றது. இஃது விடையன்று; விடை கூறாது நழுவும் உபாயமேயாகும்.

முன்னாளைய திரை, தனக்கு வந்த காட்சியைக் காட்டியதோடு அமைந்தது. இன்றைய திரையோ, தான் காட்டுவதைத் தானே நோக்குகின்றது; அக்காட்சியிலிருந்து கைரேகை போன்றதொரு குறியீட்டை வடித்து நிறுவனத்துக்கு அனுப்புகின்றது. அங்குள்ள களஞ்சியத்தோடு அதனை ஒப்பிட்டு, எத்திரையில் எந்நேரம் எது ஓடியது என அறிந்துகொள்கின்றனர்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் விஸியோ நிறுவனம் 2014 முதல் 1 கோடியே 10 இலட்சம் தொலைக்காட்சிகளிலிருந்து, உரியவர் அறியாவண்ணம், நொடிக்கு நொடி இத்தகவலைத் திரட்டியதாக அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2017இல் 22 இலட்சம் டொலர் செலுத்தி நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அத்தொகையை வகுத்துப் பாருங்கள்: ஒரு திரைக்கு 20 அமெரிக்கச் சதம்! ஓர் இல்லத்தின் அந்தரங்கத்துக்கு இட்ட விலை இதுதான்.

"கணினித் திரையாக மட்டுமே பயன்படுத்துகின்றேன்" என்பாரும் தப்பினாரல்லர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி முதலியவற்றின் ஆய்வாளர்கள் சாம்சங், எல்.ஜி. தொலைக்காட்சிகளை ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறிதொரு கருவியைக் கம்பிவழி இணைத்து, வெறுந்திரையாகப் பயன்படுத்தியபோதும் கண்காணிப்புத் தொடர்ந்தமையை அவர்கள் கண்டனர்.

'வேண்டாதவர் அதனை நிறுத்திவிடலாமே' எனின், நிறுத்தலாம். நிறுத்தியபின் அத்தகவலோட்டம் ஓய்ந்ததென அவ்வாய்வே கூறுகின்றது. ஆயின், அழையாது புகுந்தவனைத் தேடிக் கண்டுபிடித்து வெளியேற்றும் பொறுப்பு வீட்டுக்காரனுடையதா? பக்கம் பக்கமாய் நீளும் நிபந்தனைகளைப் படியாது அழுத்திய ஒரு பொத்தானைச் சம்மதம் என்பது அச்சொல்லுக்கே இழுக்காகும்.

முதல் வினாவுக்கு மீள்வோம். ஒளிப்பதற்கு எதுவுமில்லையெனின், திரட்டியோர் அதனை ஏன் வெளிப்படையாகக் கூறவில்லை? ஒளித்தவர் பார்வையாளர் அல்லர், வணிகரே.

உரியவர் தெளிந்து வேண்டினாலன்றிக் கண்காணிப்புத் தொடங்கலாகாது. இணையமின்றியும் திரை குறைவற இயங்குதல் வேண்டும். இவ்விரண்டையும் சட்டம் விதித்தல் வேண்டும். அதுவரை, வெறுந்திரையே வேண்டுவோர் அதற்கு இணைய இணைப்பை வழங்காதிருப்பாராக. நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள் நமக்கே ஊழியம் செய்யட்டும்.