சிம்சிமியாவைக் காப்பாற்றியது பட்டியல் அல்ல

2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சிம்சிமியா என்ற நரம்பு வாத்தியம் சேர்க்கப்பட்டது. அதைச் செய்யும் கலையும் வாசிக்கும் கலையும் எகிப்து, சவூதி அரேபியா இரண்டின் பெயரிலும் பதிவாகியிருக்கின்றன. செங்கடல் ஓரத்து ஜெத்தாவில் மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். இந்தச் செய்தி நமக்கும் ஒன்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

செய்முறை ரொம்ப எளிது. மரத்திலோ தகரத்திலோ ஒரு கிண்ணம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல். இரண்டு கைகள் போல நீளும் கழிகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை. அதிலிருந்து கிண்ணத்துக்கு இழுத்துக் கட்டிய நரம்புகள். முன்பு ஐந்துதான், இப்போது கூடுதலாகவும் கட்டுகிறார்கள். வலது கை எல்லா நரம்பையும் சேர்த்து வருடும். எது ஒலிக்கக் கூடாதோ அதை இடது கை விரல்கள் தொட்டு அடக்கிவிடும்.

மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலை முடிந்து வட்டமாக உட்கார்ந்து வாசித்த கருவி இது. 1956-ல் போர்ட் சயீத் தாக்கப்பட்டபோது எதிர்ப்புப் பாட்டு இதில்தான் பிறந்தது. 1967 போருக்குப் பிறகு சூயஸ் கால்வாய் ஊர்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். போன இடத்தில் ஊர் நினைப்பை இந்தக் கருவிதான் பாடியது. ஊரை விட்டுக் கிளம்பிய வலி தெரிந்த நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஊர் திரும்பினார்கள், வியாபாரம் பெருகியது. கல்யாண மேடையில் ஒலிபெருக்கியோடு வேறு மாதிரி பாட்டு வந்தது. பழைய வாசிப்பு மங்கியது. அப்போது ஜகரியா இப்ராஹிம் என்பவர் மூத்த கலைஞர்களைத் தேடிப் பிடித்து, 1989-ல் போர்ட் சயீதில் 'அல் தம்பூரா' குழுவைத் தொடங்கினார். யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது அதற்கு 35 வருஷம் கழித்து!

நம்ம யாழை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் வேறு, அது வில் போல வளைந்தது. சங்கப் பாட்டில் இருக்கிறது, ஒரு நகரத்தின் பெயரிலேயே இருக்கிறது. விபுலானந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' வெளியிடும்போது, கைமாறி வந்த வாசிப்பு அறுந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்று சில இளைஞர்கள் மறுபடி செய்து பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் என் தொழிலில் சொல்வதுபோல, குறிப்பு எழுதி வைத்தால் மட்டும் மென்பொருள் ஓடாது, தினமும் பராமரிக்க ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் நம்ம பிள்ளைகளை வீணை, மிருதங்க வகுப்புக்கு அனுப்புகிறோம். தேர்வு, சான்றிதழ், அரங்கேற்றம், அதோடு கருவி உறைக்குள் போய்விடுகிறது. செலவு செய்யும் நம்மை நான் குறை சொல்லவில்லை. மேடைக்கு வெளியேயும் வாசிக்க இடம் கொடுங்கள் என்கிறேன். பொங்கலுக்கு நாலு குடும்பம் கூடும்போது கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருங்கள். பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கூடப் பாடட்டும். சுருதி பிசகினாலும் பரவாயில்லை, கைதட்ட நாம் இருக்கிறோமே!