இலையின் ஓரத்து உப்பு

இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவோரின் கையில் ஓர் உணவு அட்டவணை இருக்கும். புரதம் எத்தனை கிராம், தண்ணீரை எப்படி மிடறு மிடறாகப் பருக வேண்டும், எந்த இனிப்பை அறவே தொடக்கூடாது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். உப்புக்கு மட்டும் பெரும்பாலும் 'குறைத்துக்கொள்ளவும்' என்ற ஒற்றைச் சொல்தான். அதுவும் இரத்த அழுத்தத்தை மனத்தில் வைத்து எழுதப்படுவது. நீரிழிவுக்காகவும் இந்தச் சிகிச்சையை நாடியவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது என்பது என் கருத்து. பைபாஸ் செய்த குடலில் உப்பு, சர்க்கரைக் கணக்கிலும் வந்து சேர்கிறது.

சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் குளுக்கோஸைப் பெரும்பாலும் தனியே உள்ளே விடுவதில்லை. சோடியம் உடன் வந்தால்தான் அந்த வாசல் திறக்கிறது. 1960ஆம் ஆண்டு ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் இக்கருத்தை முன்வைத்தார். அதன் பயனை உலகுக்குக் கண்கூடாகக் காட்டியவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இரண்டும் சேர்ந்து குடலுக்குள் நுழையும்போது நீரும் பின்தொடர்ந்து நுழைகிறது. இன்று ஒவ்வொரு மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சூட்சுமம் இதுவே.

உயிரைக் காக்கும் அதே கூட்டணிதான் பைபாஸ் செய்துகொண்டவருக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. இயல்பான குடலில் பித்தநீரும் கணைய நீரும் ஏராளமான சோடியத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆகவே சாப்பாட்டில் ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் குறைந்தாலும் குளுக்கோஸ் உள்ளே செல்வதில் பெரிய மாற்றம் இராது. பைபாஸில் இந்த ஏற்பாடு குலைகிறது. உணவு ஒரு கிளைவழியாகவும் பித்தநீர் மற்றொரு கிளைவழியாகவும் இறங்கி, நெடுந்தொலைவு கடந்த பின்னரே ஒன்று சேர்கின்றன. அதுவரை உணவு செல்லும் கிளையில் சோடியம் அருகியே இருக்கும். எனவே குளுக்கோஸும் அங்கே மெதுவாகவே உறிஞ்சப்படும்.

பிரான்சு நாட்டின் லீல் நகர ஆய்வாளர்கள் 2016இல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. பைபாஸ் செய்யப்பட்ட சிறுவகைப் பன்றிகளில், உணவுக் கிளையில் மந்தமாக இருந்த குளுக்கோஸ் உறிஞ்சுதல், அங்கே பித்தநீரையோ உப்பையோ சேர்த்தவுடன் மீண்டும் தலைதூக்கியது. உணவோடு உப்பைச் சேர்த்தபோது, உண்ட பின் இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறியது. பன்றியில் கண்டது மனிதருக்கு அணுப்பிசகாமல் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. இந்தச் சிகிச்சையால் சர்க்கரை குறைவதற்கு இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்கள், எடைக் குறைவு எனப் பிற காரணங்களும் உள்ளன. ஆயினும் குடலின் வாசல் இருவருக்கும் ஒரே வகையானது. ஆதலால் இச்செய்தியை ஒதுக்கித் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

நம் சேலம், நாமக்கல் வட்டாரச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கை உப்பிட்டு அவித்து உண்கிறோம். அதே கிழங்கின் மாவில் பிறக்கும் ஜவ்வரிசி, உப்பு சேர்ந்து வற்றலாகக் காய்ந்து எண்ணெயில் பொரிகிறது. கம்பங்கூழுக்கு மோரும் உப்பும், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வேண்டும். மாலையானால் தட்டுவடை செட். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாக்கு நம்முடையது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டவர் அதைத் தாண்டியே உண்கிறோம்.

இவற்றுள் எனக்கு மிகுந்த கவலை தருவது கிழங்கும் கூழும் அல்ல. மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாக மாறுவதற்குக் கணைய நீர் பெரிதும் வேண்டும். அது கீழே சென்றுதான் கலக்கிறது. ஏற்கெனவே கரைந்த சர்க்கரையும் உப்பும் ஒன்றாக இறங்கும் பானங்களையே நான் அஞ்சுகிறேன். வெயிலில் வந்தவருக்கு அன்போடு நீட்டப்படும், உப்பும் சர்க்கரையும் இட்ட எலுமிச்சைச் சாறு அவற்றில் முதலாவது. வெல்லமும் ஒரு கல் உப்பும் சேர்ந்த பானகம், கடையில் விற்கும் 'எனர்ஜி' பானம் ஆகியவையும் அவ்வரிசையில் நிற்பவை. 'வெல்லம்தானே, சீனி இல்லையே' என்று ஆறுதல் கொள்வோர் நம் கரும்புச் சீமையில் நிறையப் பேர். குடலுக்கு அந்த வேற்றுமை தெரியாது.

இத்தகைய பானம் சர்க்கரையை ஏற்றுவதோடு நிற்பதில்லை. வேகமாக ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் மிகையாகச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் சர்க்கரை தடாலென்று வீழ்வதும் உண்டு. வியர்வை, நடுக்கம், மயக்கம் எல்லாம் அப்போது வரும். அந்நேரத்தில் மட்டும் இக்கட்டுரையை மறந்துவிட்டு, மருத்துவர் சொல்லியிருக்கும் அளவில் குளுக்கோஸைக் கொடுத்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் உப்பையே நிறுத்திவிடுவோரும் இருப்பர். அது கூடாது. அறுவைக்குப் பின் வரும் வாரங்களில் நீர் குறைவாகவே உள்ளே செல்லும். எடை இறங்க இறங்க இரத்த அழுத்தமும் இறங்கும். பழைய அளவிலேயே அழுத்த மாத்திரையை விழுங்கி, உப்பையும் விலக்கினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரிடும். மாத்திரையின் அளவைத் திருத்துவது மருத்துவரின் வேலை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், பயந்து ஓ.ஆர்.எஸ்ஸை ஒதுக்காமல் உடனே மருத்துவமனையைக் கேளுங்கள். உப்புக்கு மாற்று என்று விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களும் சிலவகை அழுத்த மாத்திரை உண்போரும் அதைக் கேட்காமல் வாங்குதல் ஆபத்து.

ஸ்லீவ் முறையில் இரைப்பை மட்டுமே சுருக்கப்படுகிறது. பித்தநீர் வழக்கமான பாதையிலேயே செல்வதால் மேற்சொன்ன கிளைவழிக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. தமக்குச் செய்யப்பட்டது எந்த முறை என்று அறியாதோர் உண்டு. வெளியேற்றச் சீட்டில் பாருங்கள், இல்லையேல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வேண்டுவது பெரிய மாற்றம் அல்ல. சர்க்கரை அளவைக் குறிக்கும் நோட்டில் உப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். ஊறுகாய், வற்றல், அப்பளம், மோர், கடைத் தின்பண்டம் என்று அன்றன்று உண்டதை எழுதினால் போதும், கிராம் கணக்கு வேண்டா. காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறிய நாளில், இனிப்பைத் தேடும் கண் அந்தப் பத்தியையும் தேடட்டும். உணவு அட்டவணை எழுதித் தரும் எங்களைப் போன்றோரும் 'குறைத்துக்கொள்ளவும்' என்பதோடு நில்லாமல், எதனோடு உப்பு சேரக்கூடாது என்பதையும் எழுதித் தர வேண்டும். பொட்டலங்களின் மேல் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்த நோட்டை மறவாமல் எடுத்து வாருங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.