கழுவ வேண்டியது ஆபீசை மட்டுமா?

வெளியிலிருந்து யாராவது தோட்டத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்றால், இரண்டு நாளுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். ஆபீஸ் தரை மினுங்கும். ஸ்டோர் சுவரில் சுண்ணாம்பு ஏறும். மருந்துக் காம்பராவில் புதுப் பூட்டுத் தொங்கும். கொழுந்து மடுவத்தில் மாதக்கணக்கில் கிடந்த கிழிந்த சாக்குகள் ஒரே காலையில் காணாமல் போகும். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு எல்லாம் பழையபடிதான்.

ஆபீஸ் சுத்தமாக இருப்பதில் நமக்கு வருத்தமில்லை. அங்கே வேலை செய்யும் கிளாக்கர்மாரும் தொழிலாளர்கள்தான். ஆனால் நமது வேலைத்தலம் மலை, மடுவம், ஸ்டோர், மருந்துக் காம்பரா. வருகிறவர்களின் கண்ணுக்காக அல்லாமல், அங்கே உழைப்பவர்களின் உடம்புக்காக இவை எப்போது சுத்தமாகும்?

ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். தேயிலை சலிக்கும் இடத்தில் பறக்கும் தூசி மூக்கு வழியே நெஞ்சுக்குள் போகிறது. வருடக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் வருகின்றன. காய்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் தரையில் கிடக்கும் தூசியும் மேலே கிளம்பும். உறிஞ்சும் மெஷினால் எடுக்க வேண்டும், அல்லது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வளையிலும் ஜன்னல் விளிம்பிலும் படிந்திருப்பதையும் விடக்கூடாது. அடுப்புப் பக்கம் சேரும் தூசி தீப்பிடிக்கவும் கூடும். இத்தனையும் மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகே செய்ய வேண்டிய வேலை. ஓடும் மெஷினுக்குக் கீழே கையை விடச் சொன்னால் மறுப்பதற்கு நமக்கு உரிமை வேண்டும்.

கொழுந்து மடுவம் நிறுவைக்கு மட்டுமான இடமல்ல. மழைக்கு ஒதுங்குவதும் சாப்பாட்டைப் பிரிப்பதும் அங்கேதான். சிந்திய சோற்றைத் தேடி எலி வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணும் தண்ணீரும் காலிலுள்ள வெடிப்பு, கையிலுள்ள கீறல் வழியாக உடம்புக்குள் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். அது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய நோய். கவாத்து வெட்டும் கையிலும் கொழுந்தெடுக்கும் கையிலும் கீறல் இல்லாத நாள் உண்டா? காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன வேலை செய்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்தடிக்கும் தோழர்களின் கதை இன்னும் மோசம். குளிக்கவும் உடுப்பு மாற்றவும் மருந்துக் காம்பராவுக்குப் பக்கத்தில் இடம் இல்லையென்றால், மருந்து பட்ட உடுப்பு நேரே லயத்துக்கு வருகிறது. பிள்ளையைத் தூக்கும் கையிலும் அந்த மருந்து இருக்கிறது. அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. வெறும் மருந்துக் கேனில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாம் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்பாவுக்கு வேலைத்தலத்தில் கை கழுவச் சவர்க்காரம் உண்டா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன பதில்?

பெண்களின் சங்கடத்தையும் வெட்கப்படாமல் பேசுவோம். மலையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறோம். சிறுநீரை அடக்கி அடக்கி வரும் கடுப்பும் கிருமித் தொற்றும் தனிப்பட்ட குறையல்ல. அதுவும் வேலைத்தலப் பிரச்சினைதான்.

கொரோனாக் காலத்தில் மருந்துத் தண்ணீர் தெளித்தால் சுத்தம் என்ற எண்ணம் பரவியது. ஆட்கள் மீது ஒருபோதும் தெளிக்கக்கூடாது, வெறுமனே தெளிப்பது பலனும் தராது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் சொன்னது. அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் சரியாக வேலை செய்யாது. முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகே பிளீச்சிங். அதோடு கக்கூஸ் கழுவும் அசிட்டைக் கலந்தால் நச்சுவாயு கிளம்பும் என்பதையும் மறக்கக்கூடாது.

இதெல்லாம் துரைமார் போடும் பிச்சையல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலையைச் சுத்தமாக வைத்திருப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியிருக்கிறது. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் மாநாடு 2022 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நமது சட்டம் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. மலைக்கும் மடுவத்துக்கும் வேண்டியதை நாம்தான் பேசிப் பெற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது நான்கு. ஒன்று, மாதத்தில் ஒரு நாள் மடுவம், ஸ்டோர், மருந்துக் காம்பரா மூன்றையும் முழுதாகக் கழுவுவதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டு, அந்த வேலை செய்பவர்களுக்கு முழுப்பேர் போட வேண்டும். வேலை முடிந்த பிறகு சும்மா கழுவச் சொல்லக்கூடாது. எப்போதும் பெண்கள் தலையிலேயே அதைக் கட்டவும் கூடாது. மூன்று, கையுறை, பூட்ஸ், முகமூடி, சவர்க்காரம் எல்லாவற்றையும் நிர்வாகமே தர வேண்டும். நான்கு, மலையில் கழிப்பறையும் மருந்தடிப்பவர்களுக்குக் குளிக்கும் இடமும் கட்ட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. மடுவத்துச் சுவரில் வெற்றிலை துப்புவதையும் சாப்பாட்டுத் தாளை அங்கேயே போடுவதையும் நிறுத்துவோம். அப்போதுதான் நாம் கேட்பதற்கு வலு வரும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளத்தோடு இதையும் பேசுங்கள். தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து மடுவத்தையும் ஸ்டோரையும் சுற்றிப் பார்த்து, குறைகளைத் திகதியோடு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.