வீடு வீடாகப் போய் மிக்சி விற்கலாமா? மாடம்பாக்கம் இல்லத்தரசிகள் முன் நிற்கும் கேள்வி!

கையில் ஒரு பை. பைக்குள் மிக்சி, இரண்டு ஜார், ஊற வைத்த உளுந்து, அரை மூடி தேங்காய். தெரிந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். அரைத்துக் காட்ட வேண்டும். "அட, வெண்ணெய் மாதிரி வந்திருக்கே!" என்று கூடியிருக்கும் நாலு பெண்கள் சொன்னால் ஆர்டர். ஆர்டருக்குக் கமிஷன்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த மாடம்பாக்கத்தில் புது பிளாட்டுகள் வரிசையாக எழும்பிவிட்டன. கணவர் காலையில் தாம்பரம் போய் ரெயில் பிடிக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம். வீட்டில் இருக்கும் மனைவிக்கு "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று செல்போனில் அழைப்பு வருகிறது. சீட்டு எடுத்த பணம் 20 ஆயிரம் கையில் இருக்கிறது. அதை இதில் போடலாமா? வேண்டாமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது அது.

"டை" கட்டி வந்த வாலிபர்கள்

வீட்டுக்கு வந்து செய்து காட்டி விற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1982-ல் தொடங்கிய "யுரேகா போர்ப்ஸ்" கம்பெனியை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டை கட்டிய வாலிபர் வாசல் மணியை அடிப்பார். சோபாவில் வாக்குவம் கிளீனரை ஓட்டி, உறிஞ்சிய தூசியைக் கொட்டிக் காட்டுவார். வீட்டுக்காரம்மா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "இவ்வளவு அழுக்கிலா உட்கார்ந்திருந்தோம்?"

பின்னால் வந்த "அக்வாகார்டு" தண்ணீர் மெஷினும் இப்படியே சமையலறைக்குள் புகுந்தது.

ஜெர்மனியின் "வோர்வெர்க்" கம்பெனி இதைவிடப் பழம் புள்ளி. 1930-களிலேயே வாக்குவம் கிளீனரை வீடு வீடாக விற்றது. 1971-ல் வந்த அதன் "தெர்மோமிக்ஸ்" என்ற சமையல் மெஷினும் பெரும்பாலும் அதே வழியில்தான் விற்பனையாகிறது. கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து அந்த மெஷினிலேயே முழுச் சாப்பாட்டையும் சமைத்துப் போடுகிறார். மெஷின் விலை நம் பணத்தில் லட்சத்துக்கு மேல்! அப்படியும் வாங்குகிறார்கள்.

காரணம் என்ன? இந்தப் பொருள்கள் எல்லாம் வந்த புதிதில் ஜனங்களுக்குத் தெரியாதவை. கடைக் கண்ணாடிக்குள் வைத்தால் என்ன ஏது என்று புரியாது. ஓட்டிக் காட்டினால்தான் நம்பிக்கை வரும்.

மிக்சியை யாருக்குக் காட்டுவது?

இப்போது மிக்சி, கிரைண்டருக்கு வருவோம்.

கோவையில் சபாபதி என்பவர் 1955-ல் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். சென்னையில் 1978-ல் "பிரீத்தி" மிக்சி வந்தது. 2011-ல் தமிழக அரசு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு மிக்சி ஓட்டிக் காட்டுவது மீனுக்கு நீச்சல் சொல்லித் தருகிற கதைதான்! அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். விலை என்ன? ரிப்பேர் ஆனால் யார் வருவார்?

விலையில்தான் முதல் அடி விழுகிறது. டெமோ முடிந்து, காபி குடித்து, "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்பார்கள். ஆள் கிளம்பிய மறு நிமிஷம் செல்போனில் அதே மாடல் என்ன விலை என்று பார்த்துவிடுவார்கள். அங்கே 300 ரூபாய் குறைவாக இருந்தால் போச்சு. அரைத்த மாவு அவர்களுக்கு, அலைந்த கால் வலி இவருக்கு.

"டப்பர்வேர்" பிளாஸ்டிக் டப்பாக்களின் கதையும் இதற்குப் பாடம். அமெரிக்காவில் 1951-ல் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு, வீட்டுப் பெண்களைக் கூட்டி "பார்ட்டி" வைத்து விற்ற கம்பெனி அது. 1996-ல் இந்தியாவுக்கு வந்தது. அந்த டப்பாவைத் தெரியாத மத்தியதர வீடே இல்லை என்ற அளவுக்குப் பரவியது. அதே கம்பெனி 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. கடன் சுமை ஒரு பக்கம். அதே மாதிரி டப்பா எங்கும் மலிவாகக் கிடைத்தது இன்னொரு பக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒரு மிக்சி விலை 5 ஆயிரம், கமிஷன் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு வீட்டில் அரைத்துக் காட்டினால் ஒரு வீட்டில் வாங்குகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு விழுவது 150 ரூபாய். வேங்கைவாசலுக்கோ அகரம்தென்னுக்கோ போய் வர ஆட்டோ, உளுந்து, தேங்காய், அரை நாள் பொழுது எல்லாம் அந்த 150-க்குள் அடங்க வேண்டும்!

முதல் பத்து மிக்சி போய்விடும். அக்கா, அண்ணி, எதிர் பிளாட், பையனின் டீச்சர் என்று முகத்துக்காக வாங்குவார்கள். பதினோராவது மிக்சிதான் உண்மையான வியாபாரம். அங்கேதான் பல பேர் நின்றுவிடுகிறார்கள்.

அதோடு போகிறதா? ஆறு மாதம் கழித்து ஜார் ஒழுகும். கப்ளர் தேயும். கம்பெனி நம்பரை யார் தேடுவார்? "நீங்கதானே அக்கா வித்தீங்க, வந்து பாருங்க!" கடைக்காரர் என்றால் சண்டை போட்டுவிட்டு வரலாம். சொந்த அண்ணியிடம் என்ன பண்றது?

எது எடுபடும்?

அதற்காக இந்தத் தொழிலே வீண் என்று தள்ளிவிட வேண்டாம். இன்னும் சந்தேகத்தோடு பார்க்கப்படும் பொருள்கள் உண்டு. பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று. 2020 கொரோனா ஊரடங்கில் வேலைக்காரம்மா வர முடியாமல் போனபோது இதற்குக் கிராக்கி ஏறியது. ஆனாலும் "நம்ம எண்ணெய்ச் சட்டி போகுமா? அடிப்பிடிச்ச குக்கர்?" என்ற கேள்வி தீரவில்லை. கண்ணால் பார்த்தால்தான் தீரும்.

ஆனால் அதைப் பையில் தூக்கிக்கொண்டு போக முடியாதே! சொந்த வீட்டில் மெஷினை ஓட விட்டு, அக்கம் பக்கத்தாரை அவரவர் வீட்டு அழுக்குப் பாத்திரத்தோடு வரச் சொல்ல வேண்டியதுதான். ஆட்டோ செலவும் மிச்சம். இப்படிப்பட்ட பொருளை, வீட்டுக்கே ஆள் அனுப்பி ரிப்பேர் பார்க்கும் கம்பெனி தந்தால் துணிந்து இறங்கலாம். மிக்சி, கிரைண்டர் மட்டும்தான் என்றால் சீட்டுப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.

ஆள் பிடிக்கச் சொன்னால் ஓட்டம்!

இன்னொரு ஆபத்து பெரியது. "மெஷின் விற்றால் 600. ஆளைச் சேர்த்துவிட்டால் 2 ஆயிரம்" என்று யாராவது சொன்னால் அது வியாபாரம் அல்ல, சங்கிலி. 1978-ம் ஆண்டுச் சட்டம் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துகிறவர் மட்டுமல்ல, அதில் சேருகிறவரும் குற்றவாளிதான்.

சமையல் பாத்திரமும் விற்கும் "ஆம்வே" கம்பெனியின் 757 கோடி ரூபாய் சொத்துக்களை 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை முடக்கியது. ஆள் சேர்ப்பே அதன் பிரதான நோக்கம் என்பது குற்றச்சாட்டு. 2011-ல் தொடங்கிய விசாரணை இது, ஒத்துழைத்து வருகிறோம் என்று கம்பெனி தரப்பில் கூறப்பட்டது.

நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் தனி விதிகள் போட்டது. கம்பெனியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெறாமலும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. விலை, தவணை, திருப்பித் தரும் முறை, கியாரண்டி, ரிப்பேர் வசதி எல்லாவற்றையும் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குக்கர் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்க முடியாது. தரமற்ற குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக "அமேசான்" கம்பெனிக்கே 2022-ல் லட்ச ரூபாய் அபராதம் விழுந்தது.

பணம் கட்டும் முன் ஒப்பந்தத் தாளை வாங்கிப் படிக்க வேண்டும். டெமோ மெஷினுக்கு யார் பணம் கொடுப்பது, விற்காத சரக்கைக் கம்பெனி திரும்ப எடுக்குமா, ரிப்பேருக்கு தாம்பரம் பக்கத்தில் ஆள் உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் வாய்ச்சொல்லாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.

வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.