முதலைக்கு முதல் எண்ணைப் பார்ப்பம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூஷன் குடுக்கிற எங்கட வயசுக்காரரிட்ட ஒரு வேண்டுகோள். 'எது பெரிய எண்?' என்ற பாடத்தை முதலையோட தொடங்காதீங்கோ.

முதலை பெரிய எண்ணின் பக்கம்தான் வாய் திறக்கும், சரி. ஆனால் எது பெரிது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த வாயைக் கீறத் தெரியும். தெரியாத பிள்ளைக்கு முதலை என்ன செய்யும்? <, > இரண்டும் வெறும் குறியீடுகள். தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் இறந்து பத்து வருசத்துக்குப் பிறகு, 1631இல் அச்சான அவரது புத்தகத்தில் வந்தவை. அதற்கு முதலும் ஆட்கள் எண்களை ஒப்பிட்டுத்தான் இருந்திருக்கினம்.

சிக்கல் எங்கட தமிழுக்குள்ளேயே கிடக்கு. 800 எண்ணூறு. அப்ப தொண்ணூறு? அதே ஓசைப்படி 900 ஆக வேணும், ஆனால் 90. உண்மையான 900க்குப் பெயர் தொள்ளாயிரம். அதுக்குள்ள ஆயிரம் கேட்குது, ஆயிரம் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கு 'நவசிய' என்றால் ஒன்பது நூறு, பிரச்சினை இல்லை. நூறைவிடத் தொண்ணூறு பெரிது என்று சொல்லுற எங்கட பிள்ளை மொழியைக் கவனமாய்க் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

'நூற்று மூன்று' எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 1003 என்று எழுதும். நூறு, பிறகு மூன்று: காதில் விழுந்தபடியே. அதை 130ஓடு ஒப்பிடச் சொன்னால் விடை பிழைக்கும், கொப்பியில் சிவப்புக் கோடு விழும். கொஞ்ச நாளில் வீட்டில் 'இவருக்குக் கணக்கு ஓடாது' என்று முடிவு கட்டிவிடுவினம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று வருசம் இருக்கும்போதே!

அதனால் இடப்பெறுமானம் முதல் வரட்டும். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாய்க் கட்டி, பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாக்கி, 103ஐயும் 130ஐயும் மேசையில் வைக்கச் சொல்லுங்கோ. பெரிய கட்டு இரண்டிலும் ஒன்று. அடுத்த இடத்தைப் பார்த்தால் பிள்ளையே சொல்லிவிடும். பஸ் நம்பரை மட்டும் உதாரணம் காட்டாதீங்கோ. காலி வீதியில் ஓடுற 101, 100ஐ விடப் பெரிய பஸ் இல்லை. அந்த எண் வெறும் பெயர்.

'நீளமான எண்தான் பெரிது' என்ற குறுக்குவழியும் வேண்டாம். தசமம் படிக்கும்போது அதே பிள்ளை 0.5ஐ விட 0.25 பெரிது என்று எழுதும், அதுவும் நல்ல நம்பிக்கையோட.