உருளைக்கிழங்குக்கு எத்தனை விசில்?

"உருளைக்கிழங்கு வேகவைப்பதில் என்ன பெரிய வித்தை? கழுவி, குக்கரில் போட்டு, மூணு விசில்!" என்பீர்கள். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி 38 வருஷம், இலைக்கு முன்னால் உட்கார்ந்து "வறுவல் குழைஞ்சு போச்சு", "போண்டாவுக்குள்ள கட்டி கட்டியா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வதோடு என் வேலை முடிந்தது.

போன வருஷம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சமையலறையில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்து சொல்ல, நான் செய்ய ஆரம்பித்தேன். முதல் நாள் வறுவலுக்கு, அவளைக் கேட்காமலே மூணு விசில் விட்டேன். திறந்தால் தோல் வெடித்துக் கிடந்தது. வாணலியில் போட்டுக் கிளறியதும் களி. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் ஒரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் அப்படி ஒருநாளும் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆறு வாரத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கிழங்கு ஒன்றானாலும் பதம் ஒன்றல்ல.

வறுவலுக்கு முக்கால் பதம் போதும். குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்தில் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் கிழங்கைப் போட்டு அடுப்பை ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேலே குழைந்து, நடுவே வேகாமல் நிற்கும். ஈர்க்குச்சியால் குத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் கொஞ்சம் தடுக்க வேண்டும். பிறகு வடித்து, நன்றாக ஆறவிட்டு நறுக்கினால்தான் துண்டு துண்டாக நிற்கும்.

போண்டாவுக்கும் கட்லெட்டுக்கும் நேர் எதிர். முழுக் கிழங்காக, தோலோடு, நன்றாக வேக வேண்டும். நறுக்கி வேகவைத்தால் தண்ணீர் குடித்துவிடும். உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும். குக்கரில் அடியில் தண்ணீர் விட்டு, கிழங்கைத் தனிப் பாத்திரத்தில் தண்ணீரில்லாமல் வைத்து ஆவியில் வேகவைப்பது உத்தமம். சூட்டோடு தோலுரித்து மசிக்க வேண்டும். ஆறினால் இறுகிவிடும், நான் குறை சொன்ன கட்டியெல்லாம் அதனால் வந்ததுதான். கை பொறுக்காத சூட்டில் அவள் மசித்ததை நான் பார்த்ததே இல்லை.

பொடிமாஸுக்கு வெந்ததை ஆறவிட்டு உதிர்க்க வேண்டும். பூரி மசாலாவுக்குப் பாதி மசிந்து, பாதி துண்டாக இருந்தால் ருசி. உங்கள் மூணு விசிலுக்கு ஏற்ற இடம் அதுதான். புளிக்குழம்பானால், கிழங்கைத் தனியே வேகவைத்த பிறகுதான் புளித் தண்ணீரில் போட வேண்டும். புளிப்பு சேர்ந்துவிட்டால் கிழங்கு லேசில் வேகாது. கேஸ்தான் தீரும்.

கிழங்கையும் பார்த்து வாங்க வேண்டும். கட்டை விரலால் தேய்த்தால் தோல் உரியும் புதுக் கிழங்கு மசியாது; வறுவலுக்கு ஆகும். தோல் தடித்த பழைய கிழங்கு மாவாக மசியும். குளிர்பதனக் கிடங்கில் நாள்பட இருந்தது லேசாக இனிக்கும், வறுத்தால் சீக்கிரம் கருகும். எங்கள் பக்கம் மண்ணோடு வரும் ஊட்டிக் கிழங்குக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். பச்சை பாரித்த கிழங்கை எதற்கும் எடுக்காதீர்கள். எத்தனை வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இதையெல்லாம் இந்த வயதில் எதற்கு எழுதுகிறேன்? என் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் மனைவியை இழந்தார். பெரிய கணக்குகளை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர். வீட்டில் சாமான் எங்கே இருக்கிறதென்று கூடத் தெரியவில்லை. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. "அவ பண்ற உருளைக்கிழங்குப் பொடிமாஸ் மாதிரி எங்கேயும் கிடைக்கலைப்பா. எப்படிப் பண்ணுவான்னு ஒருநாளும் கேக்கலையே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் தலைமுறை ஆண்கள் பென்ஷன் பேப்பரையும் இன்ஷூரன்ஸையும் மனைவிக்குச் சொல்லி வைக்கிறோம், நாம் முந்திக்கொள்வோம் என்ற எண்ணத்தில். அவள் முந்திக்கொண்டால்? அதற்கு நாம் எதுவும் கற்றுவைக்கவில்லை. சொல்லித்தர ஆள் வீட்டில் இருக்கும்போதே சமையலறைக்குள் போய் நில்லுங்கள். உருளைக்கிழங்கில் ஆரம்பிக்கலாம், தப்பினாலும் நஷ்டம் அதிகமில்லை.

அவளுக்குக் கை சரியாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வறுவல் என் பொறுப்பு. போன வாரம் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிங்க" என்றாள். சொல்லட்டும், அவளுக்கு 38 வருஷ பாக்கி இருக்கிறது.