கிருபை கீழ்ப்படியாமைக்கு உரிமச்சீட்டா?



கிறிஸ்தவ நண்பர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி செவியில் விழும் கூற்று ஒன்று உண்டு. “நாம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள். ஆகவே, கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுவது மீண்டும் நியாயப்பிரமாணத்துக்கு அடிமையாவதாகும்” என்பதே அது. இக்கூற்றின் முற்பாதி நற்செய்தியின் உயிர்நாடி. பிற்பாதியோ அந்த உயிர்நாடியை அரிக்கும் கறையான். முற்பாதியைக் காக்கும் நோக்குடனேயே பிற்பாதியை மறுத்து இதனை எழுதுகிறேன்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மனிதன் தன் நற்செயல்களை அடுக்கிவைத்து அவற்றின் மேல் ஏறி விண்ணகத்தை எட்டிவிட முடியாது. எபேசியருக்கு எழுதிய நிருபம் 2ஆம் அதிகாரம், 8, 9ஆம் வசனங்களில் அப்போஸ்தலர் பவுல் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறார். இரட்சிப்பு தேவனின் கொடை. பெருமை பாராட்ட எவருக்கும் உரிமையில்லை. நன்று! ஆனால் இவ்விரு வசனங்களையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் நம்மவர் அடுத்துள்ள 10ஆம் வசனத்தை மட்டும் ஏன் விழுங்கிவிடுகின்றனர்? நற்செயல்களில் நடப்பதற்கென்றே நாம் புதிதாகப் படைக்கப்பட்டோம் என்கிறது அவ்வசனம். நற்செயல் இரட்சிப்பின் வேர் அன்று என்பதை 9ஆம் வசனமும், அதுவே அதன் கனி என்பதை 10ஆம் வசனமும் உரைக்கின்றன. கனியே வேண்டாம் என்பவர் மரத்தை மதிக்கிறார் என்று யாரேனும் சொல்வரோ?

வரிசைமுறையைக் கவனியுங்கள். யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் செங்கடலைக் கடப்பது 14ஆம் அதிகாரத்தில். பத்துக் கட்டளைகள் வழங்கப்படுவது 20ஆம் அதிகாரத்தில். கட்டளைகளைக் கைக்கொண்டதற்குப் பரிசாக விடுதலை வரவில்லை. விடுதலை பெற்ற மக்களுக்கே கட்டளைகள் வந்தன. அதற்காக, “நாங்கள்தாம் கடலைக் கடந்துவிட்டோமே, இனிக் கட்டளை எதற்கு?” என்று கேட்டிருந்தால் அது விடுதலையின் பொருளையே அறியாத கேள்வியாக இருந்திருக்கும்.

பள்ளியில் அன்றாடம் காண்பதும் ஏறத்தாழ இதுவே. முதலாம் ஆண்டில் காலடி வைக்கும் குழந்தை எந்தத் தேர்விலும் தேறி வருவதில்லை. பெயர் பதியப்படுகிறது, இடம் கிடைக்கிறது. வீட்டுப்பாடம் அவ்விடத்துக்கான கட்டணம் அன்று. ஆயினும், ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் திறவாமல், “எனக்குத்தான் இடம் இருக்கிறதே” என்னும் பிள்ளையைக் கற்கிறவன் என்று எப்படி அழைப்பது? உவமை ஓரளவுக்கே பொருந்தும். எனினும் கருத்து விளங்கும்.

சொற்களின் பொருளையும் சற்று ஆராய்வோம். தமிழில் ‘விசுவாசம்’ என்னும் சொல்லை இருவகையில் வழங்குகிறோம். கடவுளை நம்புதலும் விசுவாசம்; முதலாளிக்கு உண்மையாய் நடந்துகொள்பவனும் விசுவாசமுள்ளவனே. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்குரிய ‘பிஸ்டிஸ்’ என்னும் சொல்லும் நம்பிக்கை, உண்மையுடைமை ஆகிய இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. கீழ்ப்படிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ ‘கேட்டல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. நாமும் கீழ்ப்படியும் குழந்தையைச் ‘சொல் கேட்கிற பிள்ளை’ என்றுதானே சொல்கிறோம்! ஒருவர்மீது முழு நம்பிக்கை உண்டு, ஆனால் அவர் சொல்லை மட்டும் கேட்கமாட்டேன் என்பது எவ்வகை நம்பிக்கை? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் இறுதி அதிகாரத்திலும் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் ஒரே தொடரில் இணைத்தே பேசுகிறார். அவர் இணைத்ததைப் பிரிக்க நாம் யார்?

“மார்ட்டின் லூத்தர் விசுவாசம் மட்டுமே போதும் என்றாரே?” என்று சிலர் கேட்கலாம். ஆம், என்றார். ரோமர் 3:28ஐ ஜெர்மானிய மொழியில் பெயர்த்தபோது மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்னும் சொல்லைச் சேர்த்தார். 1530இல் அதற்கு விளக்கமும் எழுதினார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டவரும் அவரே. ஆனால் அதே லூத்தர், ரோமர் நிருபத்துக்கு 1522இல் எழுதிய முன்னுரையில், மெய்யான விசுவாசம் ஓயாது இயங்குவது, நன்மை செய்யாமல் இருக்க அதனால் இயலாது என்ற கருத்தை வலியுறுத்தினார். 1517இல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கோட்பாடுகளுள் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். சோம்பலுக்கு லூத்தரைச் சாட்சிக்கு அழைப்போர் அவரைப் படித்தவர் அல்லர்.

பவுலும் யாக்கோபும் மோதுகின்றனர் என்பதும் மேலோட்டமான வாசிப்பே. இருவரும் ஆபிரகாமையே எடுத்துக்காட்டுகின்றனர். ஈசாக்கு பிறப்பதற்கு முன், வாக்குறுதியை நம்பிய ஆபிரகாமைப் பவுல் காட்டுகிறார். விறகு சுமக்குமளவு ஈசாக்கு வளர்ந்தபின், அவனைப் பலிபீடம்வரை கொண்டுசென்ற ஆபிரகாமை யாக்கோபு காட்டுகிறார். முன்னவர் விசுவாசத்தின் பிறப்பைப் பேச, பின்னவர் அதன் வளர்ச்சியைப் பேசுகிறார். மனிதன் ஒருவனே; விசுவாசமும் ஒன்றே.

நூற்றாண்டுகளாகப் பிணங்கி நின்ற சபைகளும் இதனை உணர்ந்தன. கிருபையின்றித் தன் செயல்களால் மட்டுமே மனிதன் நீதிமானாகலாம் என்னும் கருத்தைக் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் கண்டித்தது. 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம். அவ்வாறு ஏற்கப்பட்டவர்கள் நற்செயலுக்கு அழைக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். உலக மெதடிஸ்டு மன்றம் 2006இல் அதனுடன் இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்பதில்லை. ஆனால் இந்த அடிப்படையில் இருசாராரும் கைகோத்தனர்.

“சிலுவையில் தொங்கிய கள்வன் எந்த நற்செயலைச் செய்தான்?” என்பது அடுத்த வாதம். அவனுக்கு எஞ்சியிருந்தவை சில மணிநேரமே. அதற்குள் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நிந்தித்த தோழனைக் கடிந்தான். குற்றமற்றவருக்காகப் பரிந்து பேசினான். கைகால் அசையாத நிலையில் நாவால் இயன்றதை எல்லாம் செய்தான். நாற்பது ஆண்டுகளும் நல்ல உடல்நலமும் வாய்த்தவர்கள் அவனைக் காட்டித் தப்ப நினைப்பது அறமாகுமா?

இது வெறும் சொற்போர் அன்று; இதில் பிறர் வாழ்வு அடங்கியிருக்கிறது. தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, “ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்” என்று ஒருவர் நிம்மதியாய் உறங்கினால், அந்த மன்னிப்பால் கூலியாளின் அடுப்பு எரியுமா? யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாகக் கூறுகிறார். எரிகோவின் ஆயக்காரர் தலைவன் சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வர முன்வந்தது முதலில், அது கிருபை. பிறகு அவனே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு என்றான். கிருபை அவனது பணப்பெட்டியையும் திறந்தது!

இத்தகைய போதனைக்கு ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியான தம் நூலில் ‘மலிவான கிருபை’ என்று பெயரிட்டார். நாட்சி ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தாம் எழுதியதற்குரிய விலையைத் தம் உயிராலேயே செலுத்தினார்.

மறுபுறத்தாருக்கும் ஒரு சொல். உபவாசத்தையும் காணிக்கையையும் கணக்கெழுதி, அக்கணக்கால் அயலானை அளப்பவர்களும் வழி தவறியவர்களே. அவர்கள் கீழ்ப்படிதலை விலையாக்கினர். இவர்கள் அதனைக் குப்பையாக்கினர். இருவருமே கொடுத்தவரை மறந்தனர்.

ஆகவே, கிருபை கொடுக்கிறது. விசுவாசம் கைநீட்டிப் பெறுகிறது. பெற்ற கை கீழ்ப்படிதலில் உழைக்கிறது. இம்மூன்றையும் போட்டியாளராக நிறுத்தும் போதனை எம்மேடையிலிருந்து வந்தாலும் அதனை ஏற்கவேண்டாம். உங்கள் வேதத்தைத் திறந்து, 9ஆம் வசனத்தோடு நின்றுவிடாமல் 10ஆம் வசனத்தையும் வாசியுங்கள்.